500 மீட்டரில் தீ: மலைக்குக் கிளம்பும் முன் போட வேண்டிய ஒரு கணக்கு

மார்ச் மாதம் வந்தாலே நம்ம காலேஜ்ல இரண்டு விஷயம் தவறாம நடக்கும். ஒண்ணு இன்டர்னல் டெஸ்ட். இன்னொண்ணு, அது முடிஞ்சதும் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்ல "மச்சி, இந்த வீக்எண்ட் மலைக்குப் போலாமா?"ன்னு வர்ற மெசேஜ். சனிக்கிழமை ஏறி, மேலே டென்ட் போட்டு, ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள இறங்கிடலாம்னு பிளான். ஷூ, டார்ச், பவர் பேங்க், மேகி பாக்கெட் எல்லாம் லிஸ்ட்ல இருக்கும். தீ மட்டும் இருக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுப் பக்கம், வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ஜனவரிக்குள்ள காய ஆரம்பிச்சிடும். பிப்ரவரியிலிருந்து கோடை மழை நல்லா பெய்யும் வரைக்கும் அங்கே தீக்காலம். அதாவது நமக்கு லீவும் ஆசையும் சேர்ந்து வர்ற அதே மாதங்கள். "ஜாக்கிரதையா போங்க"ன்னு பொதுவா சொல்லிட்டு முடிக்கிற கட்டுரை இல்லை இது. மலைச்சரிவில் தீ எப்படி நகருது, மனுஷன் எவ்வளவு வேகத்துல நகர முடியும், இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிளஸ் டூ கணிதமே போதும்.

குரங்கணி, 11 மார்ச் 2018

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கிற சின்ன ஊர் குரங்கணி. அங்கிருந்து கொழுக்குமலைக்கு ஒரு நடைபாதை போகுது. உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் இடம் கொழுக்குமலை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு–திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு குழு, மொத்தம் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பலர் நம்மைப் போல இன்ஜினியரிங் படிச்சு ஐடி வேலைக்குப் போன இளைஞர்கள், பெண்கள் அதிகம். மதியத்துக்குப் பிறகு, காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்தது. தப்பிக்க ஓடியவர்களில் சிலர் பள்ளத்தில் விழுந்ததாக அப்போதைய செய்திகள் சொல்கின்றன. உள்ளூர் மக்கள் மீட்புக்கு ஓடிவந்தார்கள், அதன் பிறகு வனத்துறை, தீயணைப்புத் துறை, விமானப்படை ஹெலிகாப்டர்கள் எல்லாம் வந்தன. அன்றும், அடுத்து வந்த வாரங்களில் மருத்துவமனைகளிலுமாக, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

இறந்தவர்கள் மேல் குறை சொல்ல இந்தக் கட்டுரை இல்லை. அந்தச் சரிவில் யார் நின்றிருந்தாலும் இயற்பியல் அதேதான். அந்த இயற்பியலை முதல்ல புரிஞ்சுக்குவோம்.

மூன்று விஷயம், மூன்று கேள்வி

ஸ்கூல்ல படிச்ச தீ முக்கோணம் ஞாபகம் இருக்கா? வெப்பம், எரிபொருள், ஆக்சிஜன். இதுல ஒண்ணு இல்லைன்னா தீ இல்லை. காட்டுத்தீயைப் படிப்பவர்கள் இன்னொரு முக்கோணமும் வச்சிருக்காங்க: எரிபொருள், வானிலை, நிலத்தின் அமைப்பு. முதல் முக்கோணம் தீ பிடிக்குமான்னு சொல்லும். இரண்டாவது, பிடிச்ச தீ எந்தப் பக்கம், எவ்வளவு வேகமா போகும்னு சொல்லும். ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

எரிபொருள்: புல் ஒரு ஆர்சி சர்க்யூட்

"நேத்துதான் மழை தூறிச்சு, இன்னைக்குத் தீ எல்லாம் பிடிக்காது" என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. ஏன்னு ஈஈஈ, ஈசிஇ மக்களுக்கு ஈஸியா புரியும்.

செத்துப்போன காய்ந்த புல், சருகு, குச்சி எல்லாம் சுற்றியிருக்கும் காற்றோட ஈரப்பதத்துக்கு ஏத்த மாதிரி தன் ஈரத்தை மாத்திக்கிட்டே இருக்கும். அந்த மாற்றம் உடனே நடக்காது, கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகுற மாதிரி எக்ஸ்பொனென்ஷியலா நடக்கும். மொத்த வித்தியாசத்துல சுமார் 63 சதவீதம் குறைய எவ்வளவு நேரம் ஆகுதோ, அதுதான் அந்த எரிபொருளோட டைம் கான்ஸ்டன்ட். காட்டுத்தீ துறையில எரிபொருளையே இப்படித்தான் வகை பிரிக்கிறாங்க. 6 மில்லிமீட்டருக்குக் குறைவான தடிமன் உள்ளது 1 மணி நேர எரிபொருள். 6 முதல் 25 மி.மீ. வரை 10 மணி நேர எரிபொருள். 25 முதல் 75 மி.மீ. வரை 100 மணி நேர எரிபொருள்.

புல் எந்த வகை? 1 மணி நேர வகை. அதாவது காலையில பனியில நனைஞ்ச புல், வெயில் ஏறின சில மணி நேரத்துல வறண்டுடும். பக்கத்துல கிடக்கிற மரக்கட்டை இன்னும் ஈரமா இருக்கலாம். ஆனா தீ பரவ மரக்கட்டை தேவையில்லை, புல் போதும்.

இன்னொரு விஷயம். நம்ம மலைகளோட உச்சிப் பகுதிகள்ல புல்வெளியும் சோலைக்காடும் கலந்திருக்கும். மடிப்புகள்ல இருக்கிற சோலை, வருஷம் முழுக்க ஈரமா இருண்டு இருக்கும். திறந்த புல்வெளி கோடையில பொன்னிறமா மாறும். போட்டோவுக்கு அழகா தெரியுற அந்தப் பொன்னிறம்தான், "நான் காஞ்சு கிடக்கேன்"னு மலை நமக்குச் சொல்ற சேதி.

வானிலை: மதியம் 12 முதல் 4 வரை

காற்றுல இருக்கிற நீராவி அளவு மாறாம, வெப்பநிலை மட்டும் ஏறினா ஒப்பு ஈரப்பதம் இறங்கும். உதாரணமா காலை 6 மணிக்கு 18 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 70 சதவீதம்னு வச்சுக்குவோம். அதே காற்று மதியம் 30 டிகிரிக்குப் போனா ஈரப்பதம் சுமார் 34 சதவீதம். பாதிக்கும் கீழே. மெக்கானிக்கல் மக்கள் சைக்ரோமெட்ரிக் சார்ட் எடுத்து நீங்களே சரிபார்க்கலாம்.

வெயில் பட்டு சரிவு சூடானதும், அதை ஒட்டிய காற்று லேசாகி மேல்நோக்கி வீச ஆரம்பிக்கும். இரவுல இது தலைகீழ்: குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். ஆக மதியம் 12 முதல் 4 மணி வரை புல் மிகவும் வறண்டிருக்கும், காற்று மலைமேல் பார்த்து வீசும். தீக்குச் சாதகமான எல்லாமே ஒரே நேரத்துல.

இப்போ நம்ம வழக்கமான பிளானைப் பாருங்க. ஞாயிறு காலை சூரிய உதயம், போட்டோ, மெதுவா டிபன், டென்ட் மடிக்கிறது, 11 மணிக்கு மேல இறக்கம். மதியம் சரியா நடுச்சரிவுல, புல்லுக்குள்ள நிப்போம். குரங்கணியிலும் தீ சூழ்ந்தது இறக்கத்தின்போது, மதியத்துக்குப் பிறகுதான்.

இரவு கேம்ப்புக்கும் ஒரு குறிப்பு. குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குல தேங்குறதால, இரவுல நடுச்சரிவுதான் கீழே இருக்கிறதை விடக் கதகதப்பா, வறண்டு இருக்கும். தூங்க சுகமா இருக்கும்; ஆனா எங்கேயாவது தீ இருந்தா, இரவிலும் அது அணையாம ஓடுற பட்டையும் அதுதான்.

நிலம்: சரிவு ஏற ஏற தீக்கு இறக்கை

இதுதான் கட்டுரையோட முக்கியமான பகுதி. சமதளத்தில் தீச்சுவாலை நேரா மேலே எழும்பும். சரிவில் அதே சுவாலைக்கு மேல்பக்கத் தரை பக்கத்துலயே வந்துடுது. சுவாலை தரையை நோக்கிச் சாயும். கதிர்வீச்சும் சூடான வாயுவும் மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவச்சு, சூடாக்கி, பற்றத் தயாரா வச்சிடும்.

ஆஸ்திரேலியக் காட்டுத்தீ ஆய்வாளர் ஆலன் மெக்ஆர்தர் வழியா வந்த தோராய விதி ஒண்ணு இன்னைக்கும் பயன்பாட்டுல இருக்கு: மேல்நோக்கிய சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயோட வேகம் இரட்டிப்பாகும். 10 டிகிரியில் 2 மடங்கு, 20 டிகிரியில் 4 மடங்கு, 30 டிகிரியில் 8 மடங்கு.

செங்குத்தான சரிவுல இதைவிட மோசமாவும் நடக்கலாம். அதுக்கு ஒரு சான்று காட்டுல இல்லை, லண்டன் சுரங்க ரயில் நிலையத்துல கிடைச்சது. 1987 நவம்பர் 18 அன்று கிங்ஸ் கிராஸ் நிலையத்தில், 30 டிகிரி சாய்வுள்ள மர எஸ்கலேட்டர்ல ஒரு சின்னத் தீ பிடிச்சது. திடீர்னு அது டிக்கெட் ஹாலுக்குள்ள பீறிட்டு அடிச்சது. 31 பேர் இறந்தார்கள். கம்ப்யூட்டர் சிமுலேஷன் செய்தபோது, சுவாலை மேலே எழும்பாம எஸ்கலேட்டர் தரையோட ஒட்டிப் படுத்துக்கிட்டு மேல்நோக்கி ஓடுறதா முடிவு வந்தது. முதல்ல பலர் நம்பலை. மாடல் செய்து எரிச்சுப் பார்த்தபோது அதுவே நடந்தது. இதுக்கு டிரெஞ்ச் எஃபெக்ட் என்று பெயர். இரண்டு பக்கமும் சுவர், நடுவுல சாய்வான தரை. மலையில இதே வடிவம் எது? மேலிருந்து கீழே இறங்குற ஓடைப் பள்ளம். வறண்ட ஓடைப் பள்ளம் தீக்காலத்துல ஒரு புகைபோக்கி. ஒளிஞ்சுக்க நல்ல இடம்போலத் தெரியும், ஆனா இருக்கிறதிலேயே ஆபத்தான இடம் அதுதான்.

இப்போ கணக்கு

மனுஷன் பக்கம் வருவோம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி: சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ. நடக்கலாம்; அதோட ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் 1 மணி நேரம் கூட்டிக்கணும்.

30 டிகிரி சரிவை எடுத்துக்குவோம். 600 மீட்டர் உயரம் ஏற, சரிவில் நடக்க வேண்டிய தூரம் 600ஐ சைன் 30ஆல் வகுத்தா 1200 மீட்டர். கிடைமட்டத் தூரம் சுமார் 1040 மீட்டர், அதுக்கு 12 நிமிடம். மொத்தம் 1 மணி 12 நிமிடம். அதாவது சரிவில் நம்ம வேகம் மணிக்கு 1 கி.மீ.

தீ பக்கம். சமதளத்தில் மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் நகரும் சாதாரணத் தீன்னு வச்சுக்குவோம். இது நிதானமான வேகம்தான். பலத்த காற்றில் திறந்த புல்வெளித் தீ மணிக்கு 20 கி.மீ.யைத் தாண்டக்கூடியது. நம்ம நிதானமான தீ 30 டிகிரி சரிவில் மணிக்கு 8 கி.மீ.

தீ நமக்குக் கீழே 500 மீட்டரில் இருக்கு. "ரொம்ப தூரம்டா" என்று தோணும். நாம மேலே நடந்தா, இரண்டு வேகத்துக்கும் வித்தியாசம் மணிக்கு 7 கி.மீ. நாலேகால் நிமிடத்துல தீ நம்மைத் தொட்டுடும். உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு மூணு மடங்கு வேகத்துல, மணிக்கு 3 கி.மீ.ல ஏறினா? சரியா 6 நிமிடம். அதுவும் அந்த வேகத்தை 6 நிமிடம் முழுக்க, புகைக்குள்ள, பேக் சுமந்துகிட்டு, குழுவுலயே மெதுவா நடக்கிறவர் உட்பட எல்லாரும் தாக்குப்பிடிச்சா மட்டும்.

நம்ம முழு பலத்தையும் போட்டுக் கிடைச்ச லாபம் ஒண்ணேமுக்கால் நிமிடம்!

இந்த ஓட்டப்பந்தயம் உண்மையிலேயே நடந்திருக்கு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. 1949 ஆகஸ்ட் 5 அன்று, பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள் அங்கே சரிவில் மேல்நோக்கி ஓடினார்கள். 16 பேரில் 13 பேர் இறந்தார்கள். பின்னாளில் அந்த ஓட்டத்தை நிமிடம் நிமிடமா கணக்கிட்டவர் ரிச்சர்ட் ராதர்மெல். 1972இல் அவர் வெளியிட்ட தீ பரவல் சமன்பாடு இன்னைக்கும் பல மென்பொருள்களுக்குள்ள இருக்கு. அவர் படிச்சது ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங். நம்ம டிபார்ட்மென்ட் பாடம் எங்கெல்லாம் போய் உட்காருது பாருங்க. அவர் கணக்கோட முடிவு: அந்த வீரர்கள் ஜெயிக்கவே முடியாத பந்தயம் அது.

திடகாத்திரமான வீரர்களுக்கே அப்படின்னா, வீக்எண்ட் ட்ரெக்கர் நமக்கு? தீயைப் பார்த்த பிறகு எடுக்கிற முடிவுகளுக்கு மதிப்பு ரொம்பக் குறைவு. பெரிய முடிவுகள் எல்லாம் வெள்ளிக்கிழமையே எடுக்க வேண்டியவை.

வெள்ளிக்கிழமை முடிவுகள்

முதல் கேள்வி: பாதை திறந்திருக்கா? குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 2018இலேயே வனப்பகுதி மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை ஆன்லைன் புக்கிங்கோடு திறந்தாங்க. தீ அபாய மாதங்களில் வனத்துறை பாதைகளை மூடுவது வழக்கம். மூடினா மூடினதுதான். "உள்ளூர் அண்ணன் ஒருத்தர் வேற வழியா கூட்டிட்டுப் போறாராம்" என்ற ஆஃபரை அங்கேயே மறுத்துடுங்க. அனுமதி இல்லாம போனா, நீங்க மலையில இருக்கிற விஷயமே யாருக்கும் தெரியாது. தேட வர்றதுக்கும் ஆள் இருக்காது.

இரண்டாவது, சாட்டிலைட் மேப் பாருங்க. நாசாவின் ஃபிர்ம்ஸ் தளமும், இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 'வன் அக்னி' தளமும் இலவசம். மோடிஸ் கருவியின் ஒரு புள்ளி சுமார் 1 கி.மீ., விர்ஸ் கருவியின் புள்ளி 375 மீட்டர். ஆனா சாட்டிலைட் ஒரு இடத்தை நாள் ஒன்றுக்குச் சில முறைதான் கடக்கும். தகவல் வர மூணு மணி நேரம் வரை ஆகலாம். நம்ம கணக்குல மொத்த அவகாசமே 6 நிமிடம். அதனால இந்த மேப்பைப் போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண மட்டும் பயன்படுத்துங்க. மலையில நின்னுக்கிட்டு "மேப்ல சிவப்புப் புள்ளி இல்லையே"ன்னு நிம்மதி அடையாதீங்க.

மூன்றாவது, நேரத்தை மாத்துங்க. விடியற்காலையில கிளம்பி, 11 மணிக்குள்ள புல்வெளிச் சரிவைத் தாண்டியிருக்கணும். அது முடியாத பாதைன்னா அந்தப் பாதை தீக்காலத்துக்கு ஆகாது.

நான்காவது, துணி. டிரை-ஃபிட் டீ-ஷர்ட் பாலியெஸ்டர். அது சுமார் 255 டிகிரி செல்சியஸில் உருகித் தோலோட ஒட்டிக்கும். தீக்காலத்துல முழுக்கை காட்டன் சட்டை, காட்டன் அல்லது ஜீன்ஸ் பேன்ட், தோல் ஷூ.

ஐந்தாவது, கேம்ப் ஃபயர். வேண்டாம். இந்தியாவில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர்களாலதான் தொடங்குது. ஒரு பீடித் துண்டும் சரியா அணைக்காத கரியும் போதும். காப்புக்காட்டுல தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமும்கூட. மேகியை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கலாம்.

நடக்கும்போது: நாலு சொல்

பால் கிளீசன் என்ற அமெரிக்கத் தீயணைப்பு வீரர் 1991இல் நாலே சொல்லில் ஒரு முறையை வகுத்தார். நம்ம வசதிக்குத் தமிழில்: கண்காணிப்பு, தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பு இடம்.

கண்காணிப்பு: குழுவுல ஒருத்தர் எப்பவும் கீழேயும் காற்று வர்ற பக்கமும் பார்த்துக்கிட்டே இருக்கணும். புகை வாசனை வந்தாலும் சொல்லணும்.

தொடர்பு: முன்னால போறவருக்கும் கடைசியில வர்றவருக்கும் நடுவுல குரல் எட்டுற தூரம்தான். எங்கே சிக்னல் கிடைச்சதுன்னு ஞாபகம் வச்சுக்கணும்.

தப்பும் வழி: அரை மணிக்கு ஒருதரம் "இப்போ தீ வந்தா எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கணும். பதில் இரண்டு வேணும், ஒண்ணு அடைபட்டா இன்னொண்ணு.

பாதுகாப்பு இடம்: வெறும் பாறைப் பரப்பு, அகலமான மண் ரோடு, தண்ணீர் உள்ள ஓடை, வனத்துறை புல் செதுக்கி வச்சிருக்கிற தீத்தடுப்புக் கோட்டோட அகலமான பகுதி, ஏற்கெனவே எரிந்து முடிந்த கருப்பு நிலம்.

உள்ளூர் வழிகாட்டியோ வேட்டைத் தடுப்புக் காவலரோ "திரும்பிடலாம் தம்பி"ன்னு சொன்னா, ஏன்னு கேட்காம திரும்புங்க. அந்தச் சரிவைப் பல கோடை பார்த்த கண்ணு அது.

அப்படியும் தீ வந்துட்டா

மேலே ஓடாதீங்க. தீக்கு மேல்பக்கம் நேர்ப்பாதையில இருந்து பக்கவாட்டில விலகுங்க. முடிஞ்சா பக்கவாட்டோட சேர்த்து கீழ்நோக்கி. கீழ்நோக்கிய தீ பொதுவா மெதுவாத்தான் நகரும். ஓடைப் பள்ளத்தையும் இரண்டு முகடுகளுக்கு நடுவுல இருக்கிற கணவாயையும் தவிருங்க. பேக்கைப் போட்டுடுங்க, தண்ணீரும் போனும் மட்டும் போதும். சேர்ந்தே இருங்க. சிக்னல் இருந்தா 112 அல்லது 101, காயம்னா 108.

வேற வழியே இல்லைன்னா, புல் இல்லாத பாறை அல்லது மண்ணில், கால் தீயைப் பார்த்த மாதிரி, முகம் கீழே வச்சுக் குப்புறப் படுங்க. தரையை ஒட்டின காற்றுதான் கொஞ்சமாவது குளிர்ச்சியா இருக்கும். மூச்சுக்குழாய் கருகாம இருக்கிறது தோல் காயத்தை விட முக்கியம்.

தீக்காயத்துக்குச் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஊத்துங்க. பற்பசை, இங்க், மாவு எதுவும் வேண்டாம். ஒட்டின துணியைப் பிய்க்காதீங்க. சுத்தமான துணியால லேசா மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

கடைசியா

மலைக்குப் போக வேண்டாம்னு யாரும் சொல்லலை. ஜூலை, ஆகஸ்ட்ல மேகமலையோ, டிசம்பர்ல கொல்லிமலையோ, அதுக்கெல்லாம் வருஷத்துல மாதங்கள் இருக்கு. மலை அங்கேயேதான் இருக்கும்.

அடுத்த தடவை குரூப்ல "மச்சி, மார்ச் வீக்எண்ட் ட்ரெக்?" என்று மெசேஜ் வந்தா, பதிலுக்கு இந்த மூணு நம்பரை அனுப்புங்க: நம்ம வேகம் 1, தீயோட வேகம் 8, கையில இருக்கிற நேரம் 6 நிமிடம். அதைப் பார்த்த பிறகும் போறதா இருந்தா, பாதை திறந்திருக்கா, 11 மணிக்குள்ள இறங்கிடுவோமா, பாதுகாப்பு இடம் எதுன்னு மூணு கேள்வியையும் கேளுங்க. ஒண்ணுக்குப் பதில் இல்லைன்னாலும் தேதியை மாத்திடுங்க.